மலையேறுமுன் தங்குமிடம்

எமது பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். எவரெஸ்ட் அடிவாரத்துக்கு நடப்போர் தங்கும் நேபாளத்து நாம்சே பசாரோ ஏறத்தாழ 3,440 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகின்றது. உடல் அதற்கு இணங்கச் சில நாள்கள் வேண்டும். ஆகவே அங்கு இரண்டு இரவுகளேனும் தங்குதல் நன்று. இடைப்பட்ட பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, உறங்குவதற்குக் கீழே திரும்புதல் வேண்டும். அதற்கப்பால், உறங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தலாகாது.

கதகதப்பான கூடமும் தடித்த போர்வையும் சூடான உணவும் உள்ள விடுதி களைப்பை ஆற்றும். ஆனால் மலைநோயைத் தடுக்காது. தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மேலே செல்லாதீர்கள். நடை தள்ளாடினாலோ, ஓய்விலும் மூச்சுத் திணறினாலோ, இரவென்றும் பாராது கீழே இறங்குங்கள். உயிரைக் காப்பது அதுவே.