உருவமா, உள்ளியக்கமா? விளையாட்டு மோட்டார் சைக்கிளும் ஆர்வலர்களின் அளவுகோலும்

விளையாட்டுப் பொருளொன்றைப் பற்றி முதிர்ந்த மனிதர்கள் காரசாரமாக வாதிடுவதைக் காணும்போது, புன்னகையோடு கடந்து செல்வதே நம்மிற் பலரின் வழக்கமாகும். பிள்ளைகளின் பொருளுக்குப் பெரியவர்கள் ஏன் இத்தனை பாடுபட வேண்டும் என்று எண்ணத் தோன்றுவதும் இயல்பே. ஆயினும், லெகோ கட்டைகளால் அமைக்கப்படும் மோட்டார் சைக்கிள் மாதிரிகள் குறித்து மேலை நாடுகளின் ஆர்வலர்கள் வெளியிட்டுவரும் அபிப்பிராயங்களைச் சற்றுப் பொறுமையோடு நோக்கினால், அவை வெறும் விருப்பு வெறுப்புகள் அல்ல என்பது புலனாகும். ஒரு பொருளின் மாதிரி எனப்படுவது அப்பொருளின் தோற்றத்தைக் காட்டினாற் போதுமா, அல்லது அது இயங்கும் விதத்தையும் காட்ட வேண்டுமா என்ற வினாவே அவற்றின் அடிநாதமாக உள்ளது.

இவ்விவாதத்தை விளங்கிக்கொள்வதற்குச் சில அடிப்படைத் தகவல்கள் அவசியமாகின்றன. டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் ஊரில் 1932ஆம் ஆண்டு தச்சரான ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் ஆரம்பித்த தொழிலகமே பிற்காலத்தில் லெகோ நிறுவனமாக வளர்ந்தது. 'நன்றாக விளையாடு' என்ற பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் சுருக்கமே அதன் பெயராகும். மேற்பரப்பில் குமிழ்களும் உட்புறத்தில் குழாய்களும் கொண்டு ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் கட்டைக்கான காப்புரிமை 1958 ஜனவரி 28ஆம் திகதி விண்ணப்பிக்கப்பட்டது. ஒரே நிறமுடைய, எட்டுக் குமிழ்கள் கொண்ட ஆறு கட்டைகளை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 விதங்களில் இணைக்கலாம் எனக் கணிதவியலாளர்கள் கணக்கிட்டுள்ளனர். ஒரு பெட்டியிலிருந்து எண்ணற்ற பொருள்கள் பிறக்கலாம் என்பதே இவ்விளையாட்டின் மூலாதாரமான கவர்ச்சி எனலாம்.

இந்நிறுவனம் 1977ஆம் ஆண்டு பல்சக்கரங்கள், அச்சுகள், துளையிட்ட சட்டங்கள் ஆகியவற்றைக் கொண்ட புதிய வரிசையொன்றை அறிமுகப்படுத்தியது. இன்று 'டெக்னிக்' என்று அழைக்கப்படும் இவ்வரிசையின் நோக்கம், வாகனங்களும் இயந்திரங்களும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதைக் கைகளால் கட்டியுணரச் செய்வதாகும். பக்கவண்டி பொருத்திய மோட்டார் சைக்கிள் ஒன்று 1979ஆம் ஆண்டிலேயே இதில் இடம்பெற்றது. ஆகவே, மோட்டார் சைக்கிள் என்பது இவ்வரிசைக்கு நேற்று வந்த விருந்தாளியல்ல.

ஆனால், அண்மைக் காலத்தில் இம்மாதிரிகளின் தன்மை பெரிதும் மாறியுள்ளது. 2017ஆம் ஆண்டு வெளியான பி.எம்.டபிள்யூ ஆர் 1200 ஜி.எஸ். அட்வென்ச்சர் மாதிரி 603 துண்டுகளைக் கொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டு வெளியான டுகாட்டி பனிகாலே வி4 ஆர் மாதிரி 646 துண்டுகளைக் கொண்டது; டெக்னிக் மோட்டார் சைக்கிள்களில் கியர் பெட்டி முதன்முதலாக இடம்பெற்றது அதிலேயே. 2022ஆம் ஆண்டு, உண்மை வாகனத்தின் ஐந்திலொரு பங்கு அளவில், 1,920 துண்டுகளுடன் பி.எம்.டபிள்யூ எம் 1000 ஆர்.ஆர். வெளிவந்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்று அதன் பெட்டியில் பொறிக்கப்பட்டிருந்தது. அதே அளவுத்திட்டத்தில் 1,478 துண்டுகளைக் கொண்ட யமஹா எம்.டி.-10 எஸ்.பி. மாதிரி 2023ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. ஆர்வலர்களின் அபிப்பிராயங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறிவதற்கு இந்த யமஹா மாதிரி மிகப் பொருத்தமான உதாரணமாகும்.

ஆர்வலர்கள் முதலில் கையிலெடுக்கும் அளவுகோல் விலையாகும். துண்டொன்றுக்குப் பத்து அமெரிக்கச் சதம் என்பது அவர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எளிய கணக்கு. எம் 1000 ஆர்.ஆர். மாதிரி அமெரிக்காவில் வெளியானபோது அதன் விலை ஏறத்தாழ 230 டொலராகும். அவ்வாறாயின் துண்டொன்றுக்குப் பன்னிரண்டு சதம் வருகின்றது. ஏறத்தாழ 240 டொலருக்கு விற்பனைக்கு வந்த யமஹா மாதிரியிலோ அது பதினாறு சதத்தையும் தாண்டிவிட்டது. துண்டுகள் குறைந்திருக்க விலை கூடியது ஏன் என்று அவர்கள் வினவியதில் நியாயம் உண்டு. எனினும் இந்த அளவுகோல் பூரணமானதன்று. சிறு ஆணியும் ஒரு துண்டே. பெரிய சக்கரமும் ஒரு துண்டே. வாகன உற்பத்தி நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்துவதற்கான உரிமமும், புதிய பாகங்களை வார்ப்பதற்கான அச்சுகளும் செலவு மிக்கவை. அனுபவமிக்க ஆர்வலர்கள் இதனை அறிந்தே, விலையைப் பற்றிய முறைப்பாட்டோடு நின்றுவிடாமல் அடுத்த வினாவுக்குச் செல்கின்றனர்.

அந்த வினா ஸ்டிக்கர்களைப் பற்றியது. இத்தகைய மாதிரிகளில் வாகனத்தின் இலச்சினைகளும் வண்ணக் கோடுகளும் பெரும்பாலும் ஒட்டும் தாள்களாகவே தரப்படுகின்றன. சற்றுக் கோணலாக ஒட்டிவிட்டால் அதனைத் திருத்துவது கடினம். காலப்போக்கில் ஓரங்கள் உரிந்துபோகவும் கூடும். இவ்வளவு பணம் பெறும் நிறுவனம் அவற்றைப் பாகங்களின் மீதே அச்சிட்டுத் தந்தால் என்ன என்பது பலரின் ஆதங்கம். மறுபுறத்தே, அச்சிடாத பாகத்தை நாளை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம், அச்சிட்ட பாகமோ என்றென்றும் யமஹாவின் பாகமாகவே இருக்கும் என்று வாதிடுவோரும் உள்ளனர். சிறிய விடயமாகத் தோன்றினும், இவ்விடத்திலேயே இரு சாராரும் பிரிகின்றனர். ஒரு சாரார் கட்டி முடித்து அலுமாரியில் வைத்து அழகு பார்க்க விரும்புவோர். மறுசாரார் கட்டுவதிலும் பிரிப்பதிலும் மீண்டும் கட்டுவதிலும் இன்பம் காண்போர்.

மூன்றாவது அளவுகோலே யாவற்றிலும் முக்கியமானது. அது உள்ளியக்கம் பற்றியது. யமஹா மாதிரி வெளியானபோது விலையையும் ஸ்டிக்கர்களையும் கண்டித்தவர்களே ஒருமித்துப் பாராட்டிய அம்சம் அதன் கியர் பெட்டியாகும். அதன் சிறப்பை உணர்வதற்கு, உண்மையான மோட்டார் சைக்கிளின் உள்ளே நிகழ்வதை நோக்குதல் தகும்.

மோட்டார் சைக்கிளை நாளாந்தம் செலுத்துவோரிலும் பலர் காலால் கியரை மாற்றும்போது உள்ளே என்ன நடைபெறுகின்றது என்பதைக் கண்டதில்லை. கியர் பெட்டியினுள் பல்சக்கரங்கள் இணை இணையாக எப்போதும் ஒன்றோடொன்று கோர்த்தபடியே சுழல்கின்றன. ஆனால், ஒரு நேரத்தில் ஓர் இணை மாத்திரமே விசையைக் கடத்துகின்றது. ஏனையவை வெறுமனே சுழல்கின்றன. எந்த இணை விசையைக் கடத்த வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, வளைந்த பள்ளங்கள் வெட்டப்பட்ட உருளையொன்றாகும். காலின் அழுத்தத்தால் அவ்வுருளை ஒரு படி திரும்பும்போது, பள்ளங்களில் முனை பதித்திருக்கும் கவைகள் பக்கவாட்டில் நகர்கின்றன. அக்கவைகள் இணைப்பு வளையத்தை ஒரு சக்கரத்திலிருந்து விலக்கி மற்றொன்றோடு பிணைக்கின்றன. உருளை படிப்படியாகவே திரும்பக் கூடியது என்பதாலேயே மோட்டார் சைக்கிளில் முதலாம் கியரிலிருந்து நேரடியாக நான்காம் கியருக்குத் தாவ முடிவதில்லை.

முன்னைய மாதிரிகளிலும் கியர் மாற்றும் வசதி இருந்தது உண்மையே. ஆனால், அது வேறு தேவைகளுக்கென உருவான பாகங்களைக் கொண்டு சமாளித்து அமைக்கப்பட்டதாகும். யமஹா மாதிரிக்காகவோ பள்ளம் வெட்டிய உருளையும் கவைகளும் புதிதாக வார்க்கப்பட்டன. மூன்று கியர்களும் நியூட்ரலும் கொண்ட அப்பெட்டி, உண்மை வாகனத்தின் தத்துவத்தையே பின்பற்றித் தொழிற்படுகின்றது. உண்மை வாகனத்தில் ஆறு கியர்கள் இருக்க இங்கு மூன்றே உள்ளன என்று குறை கூறியோரும் உண்டு. எண்ணிக்கையிற் குறைவிருப்பினும் தத்துவத்தில் பிழையில்லை என்பதே பெரும்பாலானோரின் தீர்ப்பாக அமைந்தது.

இத்தகைய மாதிரியைச் சோதிப்பதற்கு ஆர்வலர்கள் கையாளும் முறையும் சுவையானது. உண்மை வாகனத்தில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. மாதிரியில் சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகின்றது. பின்சக்கரத்தைக் கையால் உருட்டினால், துண்டு துண்டாகக் கோர்த்த பிளாஸ்டிக் செயின் வழியாகவும் கியர் பெட்டி வழியாகவும் அசைவு சென்று பிஸ்டன்களை மேலும் கீழும் இயக்குகின்றது. முதலாம் கியரில் பிஸ்டன்கள் விரைந்து அசையும். மூன்றாம் கியரில் அதே வேகத்தில் சக்கரத்தை உருட்டினாலும் அவை மெதுவாகவே அசையும். நியூட்ரலில் அசைவற்று நிற்கும். நெடுஞ்சாலையில் உயர் கியரில் செல்லும்போது எஞ்சினின் இரைச்சல் தணிவது ஏன் என்பதை, எந்தப் பாடநூலும் இதனைவிடத் தெளிவாகக் கற்பிப்பது அரிது.

வாகனத் தெரிவு பற்றிய அபிப்பிராய பேதமும் இதனோடு தொடர்புடையதே. எம் 1000 ஆர்.ஆர். பந்தய வகையைச் சார்ந்தது. காற்றைக் கிழித்துச் செல்வதற்கென அதன் உடல் முழுவதும் வெளிக்கவசத்தால் மூடப்பட்டிருக்கும். மாதிரியிலும் அவ்வாறே, அரும்பாடுபட்டு அமைத்த எஞ்சினைக் கட்டுபவரே தம் கையால் மூடிவிட நேர்கின்றது. கட்டைகளால் வளைவான கவசத்தை அமைக்கும்போது இடையிடையே வெளிகள் தோன்றுவதும் தவிர்க்க முடியாதது. எம்.டி.-10 எஸ்.பி. வாகனமோ அத்தகைய கவசமற்றது. அதன் சட்டகமும் எஞ்சினும் வெளியே தெரிவதே அதன் அழகு. டெக்னிக் வரிசைக்குப் பொருத்தமானது இத்தகைய வாகனமே என்று உள்ளியக்கத்தை விரும்புவோர் வாதிட்டனர். பந்தய வாகனத்தின் கம்பீரத்துக்கு இது ஈடாகாது என்று தோற்றத்தை விரும்புவோர் மறுத்தனர்.

புதிய பாகங்களை உருவாக்குவது சரிதானா என்ற வினாவும் இங்கு எழுகின்றது. 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் லெகோ நிறுவனம் பெரும் நட்டத்தை எதிர்கொண்டது. உதிரிப்பாக வகைகள் கட்டுக்கடங்காது பெருகியமை அந்நெருக்கடிக்கான காரணங்களில் ஒன்றாகக் கூறப்பட்டது. 2004ஆம் ஆண்டு தலைமைப் பொறுப்பை ஏற்ற யோர்கன் விக் க்னுட்ஸ்டோர்ப் அவ்வகைகளைக் குறைத்தே நிறுவனத்தை மீட்டெடுத்தார். ஒரே மாதிரிக்கு மாத்திரம் உதவும் பாகங்கள் பெருகினால், கட்டையின் அடிப்படைத் தத்துவமே அடிபட்டுப் போகும் என்ற அச்சம் பழைய ஆர்வலர்களிடம் இன்றும் உண்டு. ஆயினும், புதிய உருளையும் கவைகளும் ஏனைய டெக்னிக் அச்சுகளோடும் சக்கரங்களோடும் பொருந்தக் கூடியவை. அவற்றைக் கொண்டு எவரும் தமது சொந்த வாகனத்துக்குக் கியர் பெட்டி அமைக்கலாம். புதிய கதவைத் திறக்கும் பாகமும், ஒரே பூட்டுக்குரிய திறப்பாக மாத்திரம் அமையும் பாகமும் ஒன்றல்ல என்பதை ஆர்வலர்கள் சரியாகவே வேறுபடுத்தி நோக்கினர்.

அவர்களது மற்றொரு கவலைக்கோ இன்னும் விடை கிடைக்கவில்லை. முற்காலத்தில் டெக்னிக் பெட்டியொன்றில் இரண்டு மாதிரிகளுக்கான வழிகாட்டல்கள் இருப்பது வழக்கம். 2017ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ மாதிரி இதற்குச் சிறந்த சான்றாகும். அதே 603 துண்டுகளைக் கொண்டு, சக்கரங்களின்றி மிதந்து செல்வதாகக் கற்பனை செய்யப்பட்ட வாகனமொன்றையும் கட்டலாம். அக்கற்பனை பி.எம்.டபிள்யூ நிறுவனத்தினரையே கவர்ந்தது. அங்கு பயிற்சி பெற்றுவந்த இளையோர் அதனை உண்மையான அளவில் வடிவமைத்துக் காட்சிப்படுத்தினர். வாகனத்தைப் பார்த்து விளையாட்டுப் பொருள் செய்வது போய், விளையாட்டுப் பொருளைப் பார்த்து வாகனத்தை வடிவமைத்த அரிய சந்தர்ப்பம் அது. அலுமாரியை அலங்கரிப்பதற்கென விற்கப்படும் இன்றைய பெரிய மாதிரிகளிலோ இத்தகைய இரண்டாவது வழிகாட்டலைக் காண்பது அரிதாகிவிட்டது.

நிறுவனத்தின் நிலைப்பாட்டையும் புரிந்துகொள்ள முடிகின்றது. சிறுவயதில் கட்டைகளோடு விளையாடிய தலைமுறை இன்று உழைத்துப் பணம் ஈட்டுகின்றது. அதற்கு மேசையில் வைக்கத்தக்க அழகிய பொருள் தேவைப்படுகின்றது. அச்சந்தையை எந்த வணிக நிறுவனமும் புறக்கணிக்கப் போவதில்லை. அதில் தவறும் இல்லை. எனினும், ஒரு பெட்டி ஒரே பொருளாக மாத்திரம் மாறி, தூசி படிந்து நிற்குமாயின், அதற்கும் கடையில் வாங்கும் வார்ப்பு மாதிரிக்கும் வேறுபாடு என்ன என்ற ஆர்வலர்களின் வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இவ்விமர்சனங்களுக்குப் பயன் இல்லாமலும் போகவில்லை. 2025ஆம் ஆண்டு வெளியான டுகாட்டி பனிகாலே வி4 எஸ் மாதிரி, 1,603 துண்டுகளைக் கொண்ட பந்தய வகை வாகனமாயினும், மூன்று கியர்களையும் நியூட்ரலையும் கொண்டே அமைந்துள்ளது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் கியர் பெட்டியைத் தவிர்த்துவிடலாம் என்று நிறுவனம் கருதவில்லை. திறந்து பார்ப்பவர்கள் இருக்கின்றார்கள் என்பது அதற்குத் தெரியும்.

பெற்றோரும் ஆசிரியர்களும் இவ்விவாதத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடிய பாடம் ஒன்று உண்டு. பிள்ளையின் கையில் ஒரு விளையாட்டு வாகனத்தைக் கொடுக்கும்போது, அது எந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருக்கின்றது என்பதை விட, சக்கரத்தை உருட்டினால் உள்ளே எது அசைகின்றது என்பதையும், பிரித்தால் மீண்டும் வேறொன்றாகக் கட்ட முடியுமா என்பதையும் கவனிப்பது நன்று. அதற்குப் பெரும் விலை கொடுக்க வேண்டியதும் இல்லை. இரண்டு பல்சக்கரங்களும் ஓர் அச்சும் போதும்.