வலிப்பு மருந்தும் வைட்டமின் குறைவும்

வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் குழந்தைகள் பலருக்கு வைட்டமின் டி குறைவு காணப்படுகிறது. சிலருக்கு ஃபோலிக் அமிலமும் பயோட்டினும் குறைகின்றன. மருந்தைப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்; அவை எலும்பு வளரும் ஆண்டுகளும்கூட. அதனால்தான் குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

1912இல் புழக்கத்துக்கு வந்த ஃபீனோபார்பிட்டோன், 1938இல் வந்த ஃபெனிட்டாயின், பின்னர் வந்த கார்பமசெபின் ஆகியவை கல்லீரலின் சில நொதிகளை முடுக்கிவிடுகின்றன. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் இந்த நொதிகள், வேகம் கூடும்போது வைட்டமின் டியையும் சிதைத்துவிடுகின்றன. அது குறைந்தால் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது; எலும்பு வலுவிழக்கும். வால்புரோயேட் இந்த நொதிகளை முடுக்குவதில்லை. ஆனாலும் அதை நெடுங்காலம் சாப்பிடும் சில குழந்தைகளுக்கு எலும்பின் அடர்த்தி குறைகிறது.

பழி முழுவதும் மருந்துக்கு உரியதல்ல. நடக்க முடியாத குழந்தைகளும், வெளியே போனால் வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே வளர்க்கப்படும் குழந்தைகளும் வெயிலே படாமல் இருக்கிறார்கள். வைட்டமின் டி பெரும்பாலும் தோலில் வெயில் படுவதால்தான் உருவாகிறது; உணவிலிருந்து கிடைப்பது மிகக் குறைவு.

கால் வலி, மாடிப்படி ஏறத் திணறுவது, மணிக்கட்டு புடைப்பது, கால் வளைவது ஆகியவை குறைவு முற்றியதன் அடையாளங்கள். ரத்தத்தில் கால்சியம் மிகவும் இறங்கினால் அதுவே வலிப்பை வரவழைக்கும். மருந்து போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டினால் குறைவு இன்னும் மோசமாகலாம். வலிப்புக்குக் காரணம் எது என்பதைத் தெளிவுபடுத்த ரத்தப் பரிசோதனை உதவும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் வைட்டமின் டி இருந்தால் போதுமானது. 12க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் அளவு.

ஃபெனிட்டாயின் போன்ற பழைய மருந்துகள் ஃபோலிக் அமிலத்தையும் குறைக்கின்றன. குறைவு நீடித்தால் ரத்தசோகை வரலாம். கீரை, பருப்பு, பயறு வகைகளில் இந்தச் சத்து இருக்கிறது.

குறைவு என்று தெரிந்ததும் கடையில் வைட்டமின் வாங்கிக் கொடுப்பது ஆபத்து. அதிக அளவு ஃபோலிக் அமிலமோ பி6 வைட்டமினோ ரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவை இறக்கி, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்ப வரவைக்கலாம். 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைக் கணக்கில்லாமல் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியும் சிறுநீரகக் கோளாறும் வரும்.

வைட்டமின் குறைகிறதே என்று வலிப்பு மாத்திரையை நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைட்டமின் குறைவைச் சரிசெய்வது எளிது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, குழந்தைக்கு வைட்டமின் டி, கால்சியம் பரிசோதனை தேவையா என்று பெற்றோர் கேட்டுவிடுவது நல்லது.