மூன்று குறைகள், ஒரே காரணமா?

கோலா கங்சாரில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்மணி சாவித் துவாரம்போல் இருக்கிறது, இதயத்தில் ஓட்டை, காதும் சரியாகக் கேட்கவில்லை. “கிரகணத்தன்று வெளியே போனாயா?” என்று உறவினர்கள் தாயைக் கேட்கிறார்கள். குடும்பமோ ஒவ்வொரு குறைக்கும் ஒரு மருத்துவரைத் தேடி ஈப்போவுக்கு அலைகிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர் மரபியல் மருத்துவர். கோலாலம்பூர் மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே உண்டு. அவர் ‘சார்ஜ்’ நோய்த்தொகுதியைச் சந்தேகிக்கலாம். இதன் முக்கியக் காரணமான சி.எச்.டி.7 மரபணு 2004-இல் கண்டறியப்பட்டது. கரு வளரும்போது பல மரபணுக்களின் வேலையை முறைப்படுத்துவது இதுதான். இது பழுதானால் பல உறுப்புகள் ஒருசேரப் பாதிக்கப்படும்.

எப்படி உறுதிசெய்வது? குழந்தை, தாய், தந்தை மூவரின் இரத்தத்தையும் எடுத்து, ஏறக்குறைய 20,000 மரபணுக்களை ஒப்பிடலாம். சார்ஜில் பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றமே குழந்தையிடம் காணப்படும். அது கருமுட்டையிலோ விந்தணுவிலோ தற்செயலாக ஏற்பட்ட எழுத்துப்பிழை போன்றது. கிரகணமும் காரணமில்லை, தாயும் காரணமில்லை. அப்படியானால் அடுத்த குழந்தைக்கு இது வரும் வாய்ப்பும் மிகக் குறைவு.

எல்லாச் சோதனைகளிலும் விடை கிடைப்பதில்லை. புதிய மரபணுக்கள் கண்டறியப்படும்போது பழைய தரவை மறுபடி ஆராய்வார்கள். நோயின் பெயர் தெரிந்தால் மட்டும் அது குணமாகிவிடாது. ஆனால் அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரியும். காது கேட்கும் கருவியைச் சீக்கிரமே பொருத்தினால், அந்தக் குழந்தை பேசக் கற்பது எளிதாகும்.