நெல்லைக் காக்கும் பங்கசு: விதைப்புக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

கடந்த மார்கழியில் அச்சுவேலியில் ஒரு வயல் வரம்பில் நின்றேன். வயற்கார ஐயா ஒரு நெற்பயிரைப் பிடுங்கி என் கையில் தந்தார். மேலே நல்ல பச்சை. அடியில், தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே, இலைமடலில் கபில ஓரத்துடன் சாம்பல் நிறத் திட்டுகள்.

"மருந்து அடிச்சனான் பிள்ளை. பிந்திப்போச்சு" என்றார்.

இது இலைமடல் வெளிறல் நோய். 'ரைசொக்ரோனியா சொலானி' என்ற பங்கசு இதற்குக் காரணம். அறுவடைக்குப் பின்னும் இது கபில நிறச் சிறு உருண்டைகளாக மண்ணிலும் வைக்கோலிலும் தங்கிவிடும். அடுத்த மாரியில் தண்ணீரில் மிதந்து வந்து பயிரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். நெருக்கமான விதைப்பும் அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் நோயை இன்னும் கூட்டும்.

வழக்கமான பதில் பங்கசு நாசினி. ஆனால் யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியுள்ளன. மண்ணில் இடுவது கிணற்றுக்கும் போகும் என்பதற்கு அதுவே சாட்சி.

இங்கேதான் இன்னொரு பங்கசு உதவிக்கு வருகிறது. அதன் பெயர் ட்ரைக்கோடெர்மா. இது மண்ணில் இயல்பாகவே வாழ்வது. நோய்ப் பங்கசின் இழைகளை இது சுற்றிப் பிடித்து, நொதியங்களைச் சுரந்து அவற்றின் சுவரைக் கரைத்து உண்ணும். இது பிற பங்கசின் இழைகளைச் சுற்றிப் பிடித்துத் தாக்குவதை 1932இல் றிச்சர்ட் வைன்ட்லிங் என்ற ஆய்வாளர் விவரித்தார். அவர் பார்த்த இரையும் இதே ரைசொக்ரோனியாதான். ட்ரைக்கோடெர்மா வேரைச் சுற்றி இடம்பிடித்து நோய்க்கிருமிக்கு உணவு கிடைக்காமல் செய்யும். பயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டும்.

ஆனால் இது அடித்த மறுநாள் பலன் தரும் மருந்து அல்ல. நோய் வருமுன் மண்ணில் குடியேற்றப்பட வேண்டிய உயிர். அதற்கு ஈரமும் காற்றும் சேதனப் பசளையும் வேண்டும். எப்போதும் தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் இதன் வேலை குறையும். புரட்டாதியில் புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருக்கும் எங்கள் முறையில், தொடக்க வாரங்கள் இதற்கு வாய்ப்பானவை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயறு வகைகளின் வேரழுகலுக்கு, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் இதைக் கலக்கச் சொல்கிறது. மண்ணுக்கென்றால் ஹெக்டயருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய எருவுடன் கலந்து இட வேண்டும். நெல்லுக்கான அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டே தீர்மானியுங்கள். பையில் காலாவதித் திகதியைப் பாருங்கள். நிழலில் வையுங்கள், மாலையில் இடுங்கள். பங்கசு நாசினி பூசிய விதையுடன் சேர்க்காதீர்கள், அது இதையும் கொன்றுவிடும். எரிபந்தம் காற்றில் பரவும் நோய். அதற்கு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. எதிர்ப்புள்ள நெல்லினமும் யூரியாக் கட்டுப்பாடும் வேண்டும்.

இரசாயனம் இல்லாத விவசாயம் எங்களுக்குப் புதிதல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யூரியாவும் இருந்தது. குழையும் மாட்டெருவும் தாழ்த்திப் பயிர் செய்தார்கள். 2021 மே மாதம் நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளைக்கும் நாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தது. நவம்பரில் அது கைவிடப்பட்டது. இரண்டு முறையும் மாற்று வழியைத் தயார்படுத்த விவசாயிக்கு அவகாசம் தரப்படவில்லை. அதனால் "இயற்கை" என்ற சொல்லைக் கேட்டாலே பலர் சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது.

ஐயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"முழு வயலுக்கும் போட மாட்டன். கிழக்குப் பக்கத் துண்டுக்கு மட்டும் போட்டுப் பாப்பம். எருவை எப்ப கலக்க வேணும்?"

ஆவணியிலேயே கமநல சேவை நிலையத்தில் விசாரித்து வைக்கச் சொன்னேன். நோய் வந்த துண்டின் வைக்கோலை வயலில் விடாமல் அகற்றவும் சொன்னேன். அடுத்த மார்கழியில் அந்த இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க நானும் போவேன்.