கருப்பைக்குள் ஒரு தடுப்புச் சுவர்

2019 பிப்ரவரி கடைசியில் வங்கதேசத்துக் கிராமப் பெண் ஒருவருக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. 26 நாள் கழித்து மறுபடியும் வயிற்றுவலி. ஜெசோரில் ஒரு மருத்துவமனைக்கு ஓடினால், வயிற்றில் இன்னும் இரண்டு குழந்தைகள்! சிசேரியன் செய்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுத்தார்கள். அவருக்கு இருந்தது இரண்டு கருப்பை. முதல் பிரசவம்வரை ஸ்கேன் எடுத்ததே இல்லையாம்.

கேட்க விநோதமாக இருந்தாலும், பெண் சிசு எல்லாவற்றுக்குமே தொடக்கத்தில் இரண்டு குழாய்கள்தான். முல்லேரியன் குழாய்கள் என்று பெயர். தாயின் வயிற்றுக்குள்ளேயே அவை கீழ்ப்பக்கம் ஒட்டி, நடுச்சுவரும் கரைந்து, ஒரே அறையாகின்றன. பக்கத்துப் பக்கத்து வீடுகளை வாங்கிச் சுவரை இடித்துக் கூடமாக்குகிற வேலை மாதிரி. ஒட்டவே இல்லையென்றால் இரட்டைக் கருப்பை. மேலே மட்டும் ஒட்டாவிட்டால் இருகொம்புக் கருப்பை. ஒட்டியும் சுவர் கரையாவிட்டால் தடுப்புள்ள கருப்பை. டாக்டர்கள் 'செப்டம்' என்பது இந்தச் சுவரைத்தான். பெண்களில் 100க்கு 5, 6 பேருக்கு இப்படி ஏதோ ஒன்று இருக்கலாம் என்கின்றன ஆய்வுத் தொகுப்புகள். அடுத்தடுத்துக் கரு கலைந்தவர்களில் 13 பேர் அளவுக்கு.

பலருக்குக் கரு தரிப்பதில் சிக்கல் இருப்பதில்லை, தங்குவதில்தான். அதிலும் தொல்லை தருவது செப்டம். இருகொம்பிலும் இரட்டைக் கருப்பையிலும் இடம் குறுகல் என்பதால் குறைப்பிரசவமும், தலை திரும்பாமல் கிடக்கும் பிள்ளையும் கூடுதல்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ட்யூப் டெஸ்ட்டில். சாயம் ஏற்றி எடுக்கும் அந்த எக்ஸ்ரேயில் கருப்பை 'வி' எழுத்துபோல் இரண்டாகப் பிரிந்து தெரியும். ரிப்போர்ட்டில் 'பைகார்னுவேட்' (அதாவது இருகொம்பு) என்று எழுதி, பக்கத்தில் சாய்கோடு போட்டு 'செப்டேட்' என்றும் எழுதியிருப்பார்கள். அந்தச் சாய்கோட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. சாயம் உள்பக்கத்தைத்தான் காட்டும். வேறுபாடு இருப்பதோ வெளிப்பக்கத்தில். கருப்பையின் உச்சி வெளியே சமமாக இருந்தால் செப்டம். பிளந்து பள்ளமாக இருந்தால் இருகொம்பு. செப்டத்தைக் கேமரா குழாய் வழியாக வெட்டலாம். இருகொம்பை அப்படி வெட்டப்போனால் கருப்பையே ஓட்டையாகிவிடும். ஆகவே முப்பரிமாண ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ பார்க்காமல் கத்திக்குச் சம்மதிக்க வேண்டாம்.

செப்டம் உறுதியானால் உடனே வெட்டிவிடலாமா? வெட்டினால் கருச்சிதைவு குறைவதாகப் பழைய ஆய்வுகள் பல சொல்லிவந்தன. ஆனால் நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று 80 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை 2021இல் வெளியானது: வெட்டியவர்களில் 31 சதவீதம் பேருக்கு உயிருள்ள குழந்தை, வெட்டாதவர்களில் 35 சதவீதம் பேருக்கு. 80 பேர் சின்னக் கணக்கு. இதை வைத்து அறுவை வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'வெட்டினால் சரியாகிவிடும்' என்று அடித்துச் சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் கேட்கலாம். இத்தனைக்கும், எவ்வளவு நீளம் இருந்தால் செப்டம் என்பதிலேயே ஐரோப்பிய அளவுகோல் ஒன்று, அமெரிக்க அளவுகோல் வேறு. 'ஆர்க்குவேட்' என்று ரிப்போர்ட்டில் வரும் லேசான உள்வளைவை இயல்பின் ஒரு வகை என்றே இன்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது ஒற்றைக்கொம்புக் கருப்பை. ஒரு பக்கக் குழாய் மட்டும் வளர்ந்து, மறுபக்கம் பெரும்பாலும் கட்டைக்கொம்பாக நின்றிருக்கும். அந்தக் கொம்பில் கரு தங்கிவிட்டால் சில மாதங்களில் வெடித்து, தாயின் உயிருக்கே ஆபத்து. முன்பே தெரிந்தால் கொம்பை லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம். இவர்களில் பலருக்கு வளராத பக்கத்தில் சிறுநீரகமும் இருக்காது; கருப்பையும் சிறுநீரகமும் சிசுவில் அக்கம்பக்கமாக உருவாவதால் வரும் வினை. கருப்பை ஸ்கேனுக்குப் படுத்திருக்கும்போதே, 'கிட்னியையும் பார்த்துடுங்க டாக்டர்' என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.