தலகுலிக் கடைக்கு ஹேக்கர் வருவானா?

கொழும்பு–கண்டி வீதியில் போகிறவர்களுக்கு வரக்காப்பொல என்றால் தலகுலிதான். எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருட்டிக் காகிதத்தில் சுற்றித் தரும் அந்த இனிப்புக்காக வண்டியை நிறுத்துகிறவர்கள் ஏராளம். இப்படிப்பட்ட வியாபாரம் இன்று வீதியோரத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஒரு வலைத்தளம் இருந்தால் கனடாவிலிருந்தும் ஓடர் எடுக்கலாம். ஆனால் தளத்தைச் செய்து கொடுத்தவர் போனபின் அதை யார் கவனிக்கிறார்கள்? பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் சிறு வியாபாரிகள் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “நம்ம சின்னக் கடைய யாரு ஹேக் பண்ணப் போறா?”

யாரும் கடையைப் பார்த்து வருவதில்லை. ஹேக்கர்கள் ஏவிவிட்ட மென்பொருள்கள் இரவுபகலாக இணையத்தைச் சுற்றி, எந்தத் தளத்தில் பழைய ஓட்டை அடைபடாமல் கிடக்கிறது என்று தேடுகின்றன. உலகின் தளங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு, வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகின்றன. 2017 ஜனவரி 26 அன்று வந்த அதன் 4.7.2 பதிப்பு ஒரு பெரிய ஓட்டையை அடைத்தது. அப்டேட் செய்யாமல் விட்ட தளங்களில் அடுத்த சில வாரங்களுக்குள் 15 இலட்சம் பக்கங்களுக்கு மேல் சிதைக்கப்பட்டன.

ஊடுருவுவதற்குப் பெரிய கும்பலும் தேவையில்லை. 2016 ஒகஸ்டில் இலங்கை ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ தளத்தில் ஒரு செய்தி முளைத்தது: ஏப்ரலில் உயர்தரப் பரீட்சை வைத்தால் புத்தாண்டோடு மோதும், முடிவை மாற்றுங்கள், நாட்டின் தளங்களுடைய பாதுகாப்பையும் கவனியுங்கள். சில நாட்களில் பொலிஸார் கைதுசெய்தவர்களில் ஒருவன், அதே கொழும்பு–கண்டி வீதியில் கண்டிப் பக்கம் உள்ள கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவன்.

2023இல் நடந்தது இன்னும் கசப்பானது. அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் முடக்கியது. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம்: மென்பொருள் காலாவதியானது, இணைப்பிலிருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது, தனியே எடுத்து வைத்த பிரதி இல்லை.

சிறு கடைக்கு நட்டம் வேறு வழியில் வரும். தளத்தில் போட்டிருக்கும் வங்கிக் கணக்கு இலக்கத்தை ஒருவன் சத்தமில்லாமல் மாற்றினால் போதும், வாடிக்கையாளரின் பணம் அவனுக்குப் போகும், சாமான் வராத கோபம் கடைக்காரர் மேல் விழும். சில தளங்களுக்குள் போலிப் பொருள் விற்கும் ஜப்பானிய மொழிப் பக்கங்கள் உரிமையாளருக்கே தெரியாமல் குவிந்துவிடும். கூகிள் கண்டுபிடித்தால் அந்தத் தளத்துக்கு எச்சரிக்கை போடும். நற்பெயரை நம்பி ஓடும் வியாபாரத்தில் அந்த எச்சரிக்கையைப் பார்த்தவரை மறுபடி வரவழைப்பது இலேசல்ல.

இத்தனைக்கும் தடுக்கும் வேலைகள் பலவற்றுக்குக் காசே வேண்டாம். அப்டேட்களைத் தள்ளிப்போடாமல் செய்வது, தேவையற்ற பிளகின்களை நீக்குவது, நீண்ட பாஸ்வேர்டோடு போனில் வரும் இரண்டாவது குறியீட்டையும் கட்டாயமாக்குவது, வாரமொருமுறை பிரதி எடுத்துத் தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கழற்றி வைப்பது. தளத்தின் முகவரியான டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தளம் செய்த தம்பியின் பெயரில் இருந்தால் கடைக்காரர் பெயருக்கு மாற்றுவது நல்லது. ஆபத்தில் அந்தத் தம்பியைத் தேடி அலைய நேரமிருக்காது.

ஏதும் நடந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்குச் சொல்ல வேண்டும். அடுத்து, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. சிறு கடைக்காரரும் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம்.