வார இறுதியில் லண்டன் சுற்றும் வகுப்புக் கரடி

பிரிட்டனில் நான்கைந்து வயதுக் குழந்தைகள் பயிலும் பள்ளி வகுப்புகள் பலவற்றில், வெள்ளிக்கிழமை மாலை ஒரு டெடி கரடி பையோடும் குறிப்பேட்டோடும் ஏதேனும் ஒரு குழந்தையின் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, திங்கட்கிழமை காலை வகுப்புக்குத் திரும்புவது வழக்கம். வகுப்புக் கரடி எனப்படும் இப்பொம்மை அவ்விரு நாட்களில் எங்கே சென்றது, என்ன செய்தது என்பதைப் பெற்றோர் துணையுடன் குறிப்பேட்டில் எழுதி, படம் ஒட்டி, வகுப்பின் முன் எடுத்துரைப்பது அக்குழந்தையின் பொறுப்பாகும். பேச்சு, எழுத்து, பொதுப்பொருளைப் பேணும் பழக்கம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வளர்க்கும் இந்த எளிய ஏற்பாடு, கரடி பெருநகரச் சுற்றுலாவுக்குப் புறப்படும்போது வேறொன்றாகிவிடுகிறது.

இச்சுற்றுலாவுக்கு லண்டனை விடப் பொருத்தமான நகரம் அரிது. கனடாவில் 20 டாலருக்கு வாங்கப்பட்டுப் படைவீரர்களுடன் கடல்கடந்த வின்னி என்னும் கருங்கரடி, 1914-இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் விடப்பட்டு 1934 வரை அங்கேயே வாழ்ந்தது. அதன் பெயரைத் தன் பொம்மைக் கரடிக்குச் சூட்டிய ஒரு சிறுவனால்தான் 1926-இல் வின்னி-த-பூ கதைநூல் பிறந்தது. பெரு நாட்டிலிருந்து கப்பலில் ஒளிந்து வந்து, போக்கிடமின்றி லண்டனின் பாடிங்டன் ரயில் நிலையத்தில் அமர்ந்திருந்த பாடிங்டன் கரடி 1958-இல் நூலேறியது. போர்க்காலத்தில் கழுத்தில் பெயர்ச்சீட்டுடன் பெற்றோரைப் பிரிந்து ரயிலேறிய குழந்தைகளின் நினைவே அதன் தோற்றத்துக்கு மூலம் என்று அதன் ஆசிரியர் கூறியுள்ளார். அந்நிலையத்தின் முதலாம் நடைமேடையில் 2000-இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலையின் அருகே பொம்மையை நிறுத்திப் படமெடுப்பவர்கள், ஒரே ஒரு பெட்டியைத் தவிர உடைமையற்ற ஓர் அகதியின் பக்கத்தில்தான் அதை நிறுத்துகிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயினும் கரடியின் பயணத்துக்கும் செலவு உண்டு. தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் கூடங்களைக் காண 2001 முதல் கட்டணமில்லை என்றாலும், 135 மீட்டர் உயர லண்டன் ஐ இராட்டினத்துக்கும் லண்டன் கோபுரக் கோட்டைக்கும் நுழைவுச்சீட்டு வாங்கவேண்டும். 400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நியூகாசிலிலிருந்து வருவோர்க்கு ரயில் கட்டணமும் தங்கும் செலவும் அதனினும் பெரிது. குறிப்பேடோ எல்லோருக்கும் பொதுவானது. முந்தைய வாரங்களின் பக்கங்களைப் புரட்டிய பின்னரே தம் பக்கத்தை எழுதவேண்டிய பெற்றோர், கோட்டையும் இராட்டினமும் கண்ட கரடிக்குத் தம் வீட்டுச் சமையலறையை மட்டும் காட்டியதாக எழுதக் கூசுகின்றனர். சனி, ஞாயிறுகளிலும் வேலைக்குச் செல்லும் தாய்க்கு அந்த வெற்றுப் பக்கம் ஒரு தேர்வுத்தாள் ஆகிறது. ஐந்து வயதுக் குழந்தையோ தன் வீட்டின் வசதிக்குறைவை முதன்முறையாக வகுப்பின் முன் வாய்விட்டுப் படிக்கிறது.

குழந்தை உளவியலில் 1953 முதல் வழங்கிவரும் இடைநிலைப் பொருள் என்னும் கருத்தாக்கம் இங்கு நினைக்கத்தக்கது. தாயின் அணைப்புக்கும் புறவுலகுக்கும் நடுவே குழந்தை தனக்கெனத் தேர்ந்து பற்றிக்கொள்ளும் போர்வை, பொம்மை முதலியவற்றை அது குறிக்கும். எல்லோருக்கும் உரிய வகுப்புக் கரடி முழுப்பொருளில் அத்தகையதன்று. எனினும், பொம்மையின் மதிப்பு குழந்தையின் பிடியிலிருந்தே பிறக்கிறது, அது கண்ட காட்சிகளிலிருந்து அன்று என்னும் உண்மை இதற்கும் பொருந்தும். சுற்றுலாப் படங்களில் கரடியை நிறுத்துவதும் கோணம் பார்ப்பதும் பெரியவர்களே. குழந்தை படத்துக்கு வெளியே காத்து நிற்கிறது.

இத்தகைய பயணங்கள் குழந்தைக்கு ஊரறிவைத் தருகின்றன என்பாரும், நோயால் வீட்டை விட்டு நகர முடியாதோர் தம் பொம்மையை மட்டும் ஊர்சுற்ற அனுப்பி ஆறுதலடையும் ஜப்பானிய ஏற்பாட்டைச் சுட்டுவாரும் உளர். அவை மறுக்கத்தக்கவை அல்ல. ஆனால் தானே விரும்பி அனுப்புவது வேறு, வகுப்பின் முன் கணக்குக் காட்டுவது வேறு.

கரடி எந்த ஊருக்குச் சென்றது என்று கேட்பதை ஆசிரியர்கள் நிறுத்தி, அது என்ன உண்டது, யாருடன் உறங்கியது, எதைக் கண்டு அஞ்சியது என்று கேட்கத் தொடங்கவேண்டும். இக்கேள்விகளுக்கு எந்தக் குடும்பமும் பணம் செலவழிக்காமலே விடைகூற முடியும்.